டிரஸ்டுக்கு சிஇஓ தேடற சோலி: வாசகர் கேள்விகளும் பதிலும்

தொண்டு நிறுவனங்களுக்கு தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடிக் குடுக்கறதுக்குன்னே ஒரு தொழில் இருக்குன்னு போன இதழ்ல எழுதினதும் கடுதாசி, வாட்ஸ்அப்னு குமிஞ்சுருச்சுங்க. கோயமுத்தூர்ல உக்காந்து பதினஞ்சு வருஷமா நான் பாக்கற சோலி இதுதான். பேரு வேண்டாம்னு நெறைய பேர் கேட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

*பெருந்துறையிலிருந்து ஒருவர்: எங்க டிரஸ்டுல ஒரு ஸ்பெஷல் ஸ்கூலும் ரெண்டு முதியோர் இல்லமும் ஓடுதுங்க. ஆரம்பிச்ச அய்யாவுக்கு 76 வயசு, வெளியிலருந்து ஒரு சிஇஓ போடலாம்னு பேச்சு. ஒரு கன்சல்டன்சி வருஷ சம்பளத்துல 25 சதவீதம் பீஸ் கேக்கறாங்க. கருங்கல்பாளையம் சந்தை மாட்டுத் தரகர் கூட இவ்ளோ கேக்க மாட்டாரேங்க?*

மாட்டுத் தரகர்னதுக்கு கோவமில்லீங்ணா, எங்க அப்பாரே ஊருக்குள்ள என்னை அப்படித்தான் சொல்லுவாரு. ஆனா மாட்டுத் தரகரு துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலை பேசி ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்கலாம், நாங்க டிரஸ்டுகிட்ட மட்டும்தான் வாங்கணும். வேலைக்கு வர்றவங்ககிட்ட ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங்னு ஒரு ரூவா கேட்டாலும் அது ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சுக்கங்க.

கணக்குக்கு வருவோம். சம்பளம் வருஷத்துக்கு 12 லட்சம்னு வெச்சா பீஸ் 3 லட்சம், அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 54,000, ஆக 3,54,000. கம்பெனிக்காரங்க அந்த ஜிஎஸ்டியை வரவு வெச்சுக் கழிச்சுக்குவாங்க, உங்களை மாதிரி டிரஸ்டுக்கு பெரும்பாலும் அது கைக்காசுதான். வெளிநாட்டுப் பணம் வருதுன்னா இன்னும் சித்த ரோசனை பண்ணணும், 2020-ல எஃப்சிஆர்ஏங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினப்போ நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் போலாம்னு இருந்ததை 20 ஆக்கிட்டாங்க, நிர்வாகத்துக்கு ஆள் எடுக்கற செலவும் அந்த 20-க்குள்ளதான் வரும்.

அப்ப எதுக்குத்தான் இந்தக் காசுன்னா, பயோடேட்டாவுக்கு இல்லீங்க. விளம்பரம் போட்டா பயோடேட்டா மூட்டை மூட்டையா உங்களுக்கே வரும். நல்ல ஆளு வேலை தேடிட்டு இருக்க மாட்டாங்க, எங்கயாவது ஒரு நிறுவனத்துல ரெண்டாவது இடத்துல சத்தமில்லாம வேலை பாத்துட்டு இருப்பாங்க, அவங்களை மோப்பம் புடிச்சு, மூணு தடவை வேண்டாம்னு சொன்ன பொறவும் நாலாவது தடவை போன் போடறது ஒரு வேலை. அதை விடப் பெரிய வேலை உங்க டிரஸ்டிங்களை ஒவ்வொருத்தரா தனியா உக்கார வெச்சு "வர்ற ஆளு என்ன பண்ணணும்?"னு கேக்கறது. அஞ்சு பேருகிட்ட கேட்டா அஞ்சு பதில் வருது. ஒருத்தருக்கு நன்கொடை கொண்டு வரணும், ஒருத்தருக்கு ஆடிட்டர் வாயை அடைக்கணும், ஒருத்தருக்கு சமையல்காரங்க சண்டையைத் தீர்க்கணும், அய்யாவுக்கோ தன்னை மாதிரியே ஒரு ஆளு வேணும், ஆனா தன் பேச்சைத் தட்டாத ஆளா இருக்கணும்! இதையெல்லாம் ரெண்டு பக்கத்துல எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்ட பொறவுதான் நான் போனையே எடுப்பேன், சில இடத்துல அதுக்கே ஆறு வாரம் போயிருக்கு. அதை நீங்களே ஒட்டுக்கா உக்காந்து முடிச்சுட்டீங்கன்னா பீஸைத் தைரியமா குறைச்சுக் கேளுங்க.

இன்னொண்ணு, ஆளு சேந்தாத்தான் காசுன்னு பேசாதீங்க, அப்படிப் பேசுனா கன்சல்டன்சிக்காரன் கையில கெடைச்சவரைத் தள்ளி விட்டுட்டுப் போயிட்டே இருப்பான். ஆரம்பிக்கறப்ப, ஷார்ட்லிஸ்ட் குடுக்கறப்ப, ஆளு சேர்றப்பன்னு மூணு தவணையா குடுக்கறதுதான் தலைமைப் பதவிக்கு வழக்கம்.

*காங்கேயத்திலிருந்து ஒருவர்: நம்ம பக்கம் டிரஸ்டுன்னா குடும்பம்தானே நடத்தும், மருமகனையே போட்டா என்னங்க?*

சட்டம் தடுக்கலீங்க. டிரஸ்டி சொந்தக்காரங்களுக்கு செய்யற வேலைக்குத் தகுந்த சம்பளம் குடுக்கலாம், அதுக்கு மேல அள்ளிக் குடுத்தாத்தான் வருமான வரி விலக்கு ஆட்டம் காணும். ஆனா ஒண்ணு. 1926-ல பீளமேட்டுல நாலு அண்ணன் தம்பிங்க சேந்து பிஎஸ்ஜி அன்ட் சன்ஸ் சாரிட்டீஸ் ஆரம்பிச்சாங்க, குடும்பம் டிரஸ்டுல இருந்தாலும் அதோட காலேஜை நடத்தறது பிரின்சிபால்தானுங்களே. உங்க மருமகனும் மத்தவங்களோட வரிசையில நின்னு இன்டர்வியூ குடுக்கட்டும், தேறினா நானே மால போடறேன்.

*திருப்பூரிலிருந்து ஒருவர்: பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில ஜிஎம், 47 வயசு. ஷிப்மென்ட், பையர்னு ஓடி ஓடி சலிச்சுப் போச்சு, சேவை பக்கம் வரலாம்னு இருக்கேன். எடுத்துக்குவாங்களா, சம்பளம் எப்படி?*

இந்த மாசம் இதே மாதிரி மூணாவது கடுதாசி தம்பி. சம்பளம் பாதியாகும்னு மனசுல வெச்சுக்கங்க, சில இடத்துல அதுக்கும் கீழ. அமெரிக்காவுலன்னா தொண்டு நிறுவனங்க வருஷா வருஷம் குடுக்கற 990-ங்கற பாரத்துல தலைமை ஆளோட சம்பளத்தை எழுதியே ஆகணும், அதை யார் வேணாலும் பாக்கலாம், இங்க அந்த வசதி இல்ல, நான் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதி வெச்ச ஒரு நோட்டுதான் எனக்குக் கணக்கு.

எடுத்துக்குவாங்களான்னா, உங்ககிட்ட ஒரு சரக்கு இருக்கு, அது உங்களுக்கே தெரியல. பையர் ஆடிட்டுக்கு பேப்பர் தயார் பண்ணிப் பழகுன ஆளு நீங்க. 2014 ஏப்ரல்ல சிஎஸ்ஆர் சட்டம் அமலுக்கு வந்து பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் சமூக நலப் பணிக்குச் செலவு பண்ணணும்னு ஆன பொறவு, அந்தக் கம்பெனிங்க கேக்கற ரிப்போர்ட், போட்டோ, பில்லுன்னு குடுக்க முடியாம முழிக்கற டிரஸ்டுங்க நம்ம மாவட்டத்துலயே எத்தனையோ இருக்கு. அதைச் சொல்லிக் கேளுங்க. "சேவை செய்யணும்னு ஆசை"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா நான் கேக்கற அடுத்த கேள்வி "போன வருஷம் எத்தனை ஞாயித்துக்கிழமை எங்க போய் என்ன செஞ்சீங்க?", அதுலயே பாதிப் பேரு தண்ணி குடிக்கப் போயிருவாங்க. அதனால மொதல்ல ஒரு வருஷம் ஏதாவது ஒரு டிரஸ்டுல சம்பளமில்லாம கமிட்டியில உக்காந்து பாருங்க. லைன்ல டார்கெட் போட்டு விரட்டற பழக்கத்தை மட்டும் கேட்டுக்கு வெளியவே விட்டுட்டு வாங்க, இங்க இருக்கறவங்க பாதி சம்பளத்துக்கு முழு மனசா வேலை பாக்கறவங்க, ஒரு தடவை முகம் சுளிச்சீங்கன்னா அவ்ளோதான்.

சேர்றதுக்கு முன்னாடி மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற அதோட ரினியூவல், பிஎஃப் ஒழுங்கா கட்டறாங்களாங்கறது, இதெல்லாம் கேட்டு வாங்கிப் பாருங்க. குடுக்கத் தயங்குனா நீங்களும் தயங்குங்க.

*கோபியிலிருந்து ஒரு வாசகி: பதினாறு வருஷ அனுபவம் எனக்கு. இன்டர்வியூல "ஊட்டுக்காரர் விடுவாரா, ராத்திரி டூர் போவீங்களா"ன்னு மட்டுமே அரை மணி நேரம் கேட்டாங்க.*

தப்பு அந்தப் பேனல் மேல பாதி, உங்களை அனுப்புன கன்சல்டன்ட் மேல பாதி, அம்மிணி. நான் இன்டர்வியூவுக்கு முந்தின நாளே பேனலுக்கு ஒரு தாள் அனுப்புவேன், ஆம்பளைகிட்ட கேக்காத கேள்வியைப் பொம்பளைகிட்டயும் கேக்கக் கூடாதுன்னு அதுல மொதல் வரியிலயே இருக்கும். ஒரு தடவை ஒரு பெரியவர் அதைப் படிச்சுட்டு "அப்ப எதைத்தான் கேக்கறது?"ன்னாரு. அந்த வேலையை நான் பாதியிலயே விட்டுட்டேன்.

*உடுமலையிலிருந்து ஒருவர்: கன்சல்டன்சி மூலமா எடுத்த ஆளு ஏழே மாசத்துல போயிட்டாருங்க. நாங்க ஒரு குறையும் வெக்கல, எங்க ரூமுக்குள்ளயே டேபிள் போட்டுக் குடுத்திருந்தோம். காசு திரும்பக் கெடைக்குமா?*

காசு பெரும்பாலும் கெடைக்காதுங்க. ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க, ஆறு மாசம், சில பேரு ஒரு வருஷம்னு எழுதியிருப்பாங்க, அதுக்குள்ள ஆளு போயிட்டா பீஸ் இல்லாம வேற ஆளு தேடித் தருவாங்க, அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு. நான் சேத்து விட்ட ஒரு அம்மிணி நாலே மாசத்துல கெளம்பிட்டாங்க, சம்பளம், மரியாதை எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனா செக் புக் நிறுவனர் ஊட்டு பீரோவுலயே இருந்துருக்கு, பேப்பர் பண்டல் வாங்க 3,000 ரூவா வேணும்னாலும் பொழுதோட அவரு ஊட்டுத் திண்ணையில போய்க் காத்திருக்கணும். அது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், கேக்காம விட்டது என் தப்பு. இப்பெல்லாம் மொதல் மீட்டிங்லயே கேட்டுருவேன், செக்குல யாரு கையெழுத்து, எவ்வளவு வரைக்கும், கணக்கர் சாயங்காலம் யாருக்குப் போன் போடுவாரு, புது ஆளு எங்க உக்காருவாரு.

உடுமலை அய்யா, அந்த டேபிளை வேற ரூமுக்கு மாத்திட்டு அந்தக் கன்சல்டன்சிக்குப் போன் போடுங்க.