லைன் எடுக்கிறது, இணையம் வருவதில்லை: லினக்ஸில் மோடம் பிழை பார்ப்பது எப்படி?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் படிப்பிக்கிறேன். வீட்டில் உள்ள பழைய கணினிக்கு உபுண்டு 8.04 என்ற லினக்ஸைப் போட்டு, தொலைபேசி லைன் வழியே இணையம் எடுக்க, சீரியல் போர்ட்டில் மாட்டும் 56கே வெளி மோடம் ஒன்றை இணைத்திருக்கிறேன். டபிள்யூவிடயல் என்ற டயல் நிரல் மூலம் கோல் எடுத்தால் டயல் ஆகிறது, இரைகிறது, 'கனெக்ட் 115200' என்று வருகிறது. பிறகு 'வெயிட்டிங் ஃபார் பிராம்ப்ட்' என்று நின்று, கடைசியில் லைன் விழுந்துவிடுகிறது. தம்பியின் விண்டோஸ் கணினியை இங்கே கொண்டுவந்து மாட்டினால், இதே மோடமும் இதே கணக்கும் வேலை செய்கின்றன. ஆனால் மழை நாளில் அதிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடச் சொல்கிறார்கள். அதுதான் வழியா?

பதில்: டீச்சர், அழிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, டபிள்யூவிடயலின் அமைப்புக் கோப்பில் ஒரேயொரு வரி. மற்றது லினக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாதது. தம்பியின் கணினியும் மழையில் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பிழை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அல்லது வெளியே தூணில் இருக்கிறது. விண்டோஸ் போட்டால் முதலாவது மறையும், இரண்டாவது அப்படியே இருக்கும்.

தொலைபேசி வழியே இணையம் எடுக்கும் டயல்-அப் கோல் ஒன்று எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் கணினி மோடத்தோடு கதைக்க வேண்டும். அடுத்து மோடம் லைனை எடுத்து டயல் டோன் கேட்டு எண்ணைச் சுழற்ற வேண்டும். பிறகு இரண்டு மோடங்களும் ஒன்றையொன்று அறிந்து ஒரு வேகத்துக்கு உடன்பட வேண்டும். அந்த இரைச்சல் அதுதான். அதற்குப் பிறகுதான் பிபிபி எனப்படும் பேச்சுமுறை தொடங்கி, பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்பட்டு, உங்களுக்கு ஒரு ஐபி முகவரி கிடைக்கும்.

உங்களுக்கு 'கனெக்ட்' வந்துவிட்டது. அதாவது முதல் மூன்று கட்டங்களும் முடிந்துவிட்டன. ஆகவே 'டிரைவர் இல்லை', 'மோடம் லினக்ஸுக்குச் சரிவராது' என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். அந்தப் பேச்சு பெட்டிக்கு உள்ளே பிசிஐ துளையில் செருகும் மலிவு மோடங்களுக்குப் பொருந்தும். அவற்றில் பாதி வேலையைக் கணினியின் புராசசர்தான் செய்கிறது, அதற்கான மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதி விற்றார்கள். வின்மோடம் என்ற பெயரே அப்படி வந்ததுதான். சீரியல் போர்ட் வெளி மோடத்துக்கு அந்தத் தலையிடி கிடையாது. விண்டோஸ் 'காம் 1' என்பதை லினக்ஸ் 'டிடிஒய்எஸ்0' என்று பூச்சியத்திலிருந்து எண்ணும். அதை நீங்கள் ஏற்கெனவே சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் டயலே ஆகியிருக்காது.

115200 என்பதைப் பார்த்து வேகம் அவ்வளவு என்று நினைக்க வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள அரை முழக் கம்பியின் வேகம். தொலைபேசி லைனில் உண்மையில் கிடைத்த வேகத்தை அறிய, மோடத்தைத் தயார்படுத்தும் கட்டளையோடு 'டபிள்யூ2' என்று சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான மோடங்கள் அதன் பிறகு 44000, 33600 என்று உண்மை எண்ணைச் சொல்லும். இந்த எண் பின்னால் மழைப் பிழைக்கு உதவப் போகிறது.

சரி, இப்போது முதல் பிழை. 'வெயிட்டிங் ஃபார் பிராம்ப்ட்' என்றால், மறுமுனை 'லாகின்' என்று எழுத்தில் கேட்கும், அப்போது பெயரைக் கொடுப்போம் என்று டபிள்யூவிடயல் காத்திருக்கிறது என்று பொருள். ஒரு காலத்தில் இணையச் சேவைகள் அப்படித்தான் கேட்டன. பிறகு கடவுச்சொல்லைப் பிபிபி பேச்சுக்கு உள்ளேயே பரிமாறும் பாப் முறை வந்தது. அதன் விதிமுறை வெளியானது 1992இல். அதன் பிறகு பல சேவைகள் எழுத்தில் ஒன்றும் கேட்பதில்லை. லைன் எடுத்தவுடன் நீங்கள் பிபிபி பேசுவீர்கள் என்று மறுமுனை காத்திருக்கிறது. அது கேட்கும் என்று இங்கே உங்கள் கணினி காத்திருக்கிறது. வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவர், மற்றவர் முதலில் கூப்பிடட்டும் என்று நிற்பதைப் போல. கடைசியில் டபிள்யூவிடயல் திரையில் ஒரு வரி எழுதும்: என்ன செய்வதென்று தெரியவில்லை, பிபிபிடியை (பிபிபி பேசும் நிரல்) தொடங்குகிறேன், நல்லபடி நடக்கும் என்று நம்புகிறேன். அதற்குள் மறுமுனை சலித்துப்போய் லைனை வைத்திருக்கும். விண்டோஸ் யாரையும் எதிர்பார்க்காமல் உடனே பிபிபி பேசத் தொடங்கிவிடுகிறது. தம்பியின் கணினியில் வேலை செய்வதற்கு இரகசியம் இவ்வளவுதான்.

என் சொல்லை நம்பி மாற்றாமல் ஒருதரம் கண்ணால் பாருங்கள். மினிகாம் என்ற நிரலை நிறுவி, அதில் உங்கள் போர்ட்டைக் கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள். வெறுமனே 'ஏடி' என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்தினால் மோடம் 'ஓகே' என்று பதில் தரும். அடுத்து 'ஏடிடிடி' என்று தட்டி, இடைவெளி விடாமல் சேவையின் எண்ணைக் கொடுங்கள். இரைச்சல் ஓய்ந்து 'கனெக்ட்' வந்ததும் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள். 'லாகின்' அல்லது 'யூசர்நேம்' என்று தெளிவாக வந்தால் அது பழைய முறை. ஒன்றும் வரவில்லை என்றாலோ, அலை போன்ற குறியும் சுருள் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பை எழுத்துகள் வந்தாலோ, அது பிபிபி முறை. அந்தக் குப்பையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. பிபிபி தன் ஒவ்வொரு பொதியையும் அந்த அலைக்குறியால்தான் தொடங்கி முடிக்கிறது. மறுமுனை உங்களோடு பேசத் தொடங்கிவிட்டது என்பதை நேரில் பார்க்கிறீர்கள். பார்த்து முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ அழுத்திவிட்டு எக்ஸ் தட்டி வெளியே வாருங்கள். மினிகாம் திறந்திருக்கும்போது டபிள்யூவிடயலால் போர்ட்டைத் தொட முடியாது.

உங்கள் விடயத்தில் குப்பை எழுத்து வரும், அல்லது மௌனம்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியென்றால் 'ஈடிசி' கோப்புறையில் உள்ள 'டபிள்யூவிடயல்.கான்ஃப்' கோப்பைச் சூடோ எனப்படும் நிர்வாகி அனுமதியோடு திறந்து, 'டயலர் டிஃபால்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'ஸ்டூபிட் மோட் = 1' என்று ஒரு வரி சேருங்கள். பெயரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். எதையும் ஊகிக்காதே, லைன் கிடைத்தவுடன் பிபிபியைத் தொடங்கு என்பதுதான் அந்த வரியின் பொருள். சேமித்துவிட்டு மறுபடி கோல் எடுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளூர் முகவரி, மறுமுனை முகவரி, டிஎன்எஸ் முகவரிகள் என்று எண்கள் வரிசையாக வரவேண்டும்.

வராவிட்டால் 'பிளாக்' கட்டளையைத் தட்டுங்கள் (பி, எல், ஓ, ஜி என்று நான்கு எழுத்து). பிபிபிடி எழுதிய கடைசி வரிகளைக் காட்டும். 'எல்சிபி டைம்அவுட்' என்று இருந்தால், உங்கள் கணினி கூப்பிட்டும் மறுமுனையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. பிபிபிடி மூன்று விநாடிக்கு ஒருதரமாகப் பத்துத் தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடும். ஆகவே, பிபிபி தொடங்கியதிலிருந்து கோல் சரியாக அரை நிமிடத்தில் விழுந்தால், பதிவைத் திறக்காமலே இதுதான் என்று சொல்லிவிடலாம். 'சீரியல் லைன் இஸ் லூப்ட் பேக்' என்று இருந்தால், நீங்கள் அனுப்பிய எழுத்தையே மறுமுனை திருப்பி அனுப்புகிறது. அது எழுத்தில் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிறது, நாம் அதற்குப் பிபிபி பேசுகிறோம். அப்போது நான் சொன்ன வரியை எடுத்துவிட வேண்டும். 'பாப் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்' என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். சில சேவைகளுக்குப் பெயரோடு அட் குறியும் அதற்குப் பின்னுள்ள பகுதியும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

எல்லா முகவரியும் வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், நெட்வொர்க் வயர் எதுவும் கணினியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏற்கெனவே பாதையைப் பிடித்துவைத்திருந்தால் பிபிபிடி அதை மாற்றாது. வயரைக் கழற்றிவிட்டுக் கோல் எடுங்கள், போதும்.

இனி மழை. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி, ஏனென்றால் எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், இருக்கும் யாருக்கும் இது வரும். ஆரையம்பதியில் நான் இருந்த வீட்டில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்க இதே கதைதான். பகலில் 44000 கிடைக்கும், மழை தொடங்கினால் 26400க்கு இறங்கும், அப்புறம் லைன் விழும். மோடத்தை மாற்றினேன், அமைப்பை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் வராந்தாச் சுவரில் வயர் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு திருகாணிகளும் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தன. ஒரு திருகாணியில் செப்புக் கம்பி தலைமயிர் அளவுக்கு மெலிந்து தொங்கியது, மூலையில் எறும்புக் கூடு. கடல் காற்றில் உப்பு இருக்கிறது, செம்பு அதற்குத் தாங்காது. காய்ந்திருக்கும்போது அந்தக் களிம்பு பெரிதாகத் தொல்லை தராது, ஈரம் பட்டதும் இரண்டு கம்பிக்கும் நடுவே மின்சாரம் கசியத் தொடங்கும். கம்பியின் நுனியை வெட்டி, புதிதாக ஒரு அங்குலம் உரித்து, திருகாணியைச் சுரண்டித் துடைத்து மாட்டினேன். அன்று இரவு அடைமழை. லைன் இரண்டு மணித்தியாலம் விழவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மழை பெய்யும் நேரம், இடி மின்னல் இல்லாதபோது, சாதாரணத் தொலைபேசியை எடுத்து ஒரேயொரு இலக்கத்தை அமத்துங்கள். டயல் டோன் நின்று சில விநாடி அமைதியாகும். அந்த அமைதியைக் கேளுங்கள். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று கேட்டால் லைனில் ஈரம் இருக்கிறது. பிறகு வீட்டுக்குள் ஓடும் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தொலைபேசியை அந்த முதல் பெட்டியிலேயே நேரடியாக மாட்டிக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் பிழை உங்கள் வீட்டு வயரில் இருக்கிறது. அறைக்கு அறை இழுத்த எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றி எறியுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் அது வெளியே. எக்ஸ்சேஞ்சுக்கு முறைப்பாடு கொடுக்கும்போது 'இணையம் சுணங்குகிறது' என்று சொன்னால் எடுபடாது. 'மழையில் குரல் கோலிலேயே லைன் இரைகிறது' என்று சொல்லுங்கள். அப்போதுதான் லைன்மன் வருவார்.

அவர் வரும்வரை சமாளிக்க ஒரு வழி. 56கே முறை சுத்தமான லைனைக் கேட்கும். மழையில் அதைப் பிடித்துத் தொங்குவதைவிட, 33600க்கு மேல் போகாத பழைய வி.34 முறையில் நிறுத்திவைத்தால் லைன் நின்று பிடிக்கும். பல மோடங்களில் 'பிளஸ் எம்எஸ்' என்ற கட்டளை இதைச் செய்யும். எழுதும் விதம் மோடத்துக்கு மோடம் மாறுவதால் கூட வந்த கையேட்டைப் பாருங்கள். பாடக் குறிப்புகளும் மின்னஞ்சலும் இறக்க அந்த வேகம் போதும், இடையில் விழுந்து மறுபடி கோல் எடுக்கும் காசும் மிஞ்சும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்தது கம்பி லைன் அல்ல, ஏரியல் வைத்த சிடிஎம்ஏ என்ற கம்பியில்லாத் தொலைபேசி. அதன் பின்னால் உள்ள சாதாரணத் தொலைபேசித் துளையில் இந்த மோடத்தை மாட்டினால் டயல் டோன் கேட்கும், டயலும் ஆகும், ஆனால் 'நோ கேரியர்' (மறுமுனை மோடத்தோடு இணைய முடியவில்லை) என்றுதான் முடியும். அந்தக் கருவி மனிதக் குரலை மட்டும் எதிர்பார்த்து ஒலியைச் சுருக்கி அனுப்புகிறது, மோடத்தின் இரைச்சல் அதில் சிதைந்துபோகும். எந்த அமைப்பை மாற்றியும் பலனில்லை. அந்தத் தொலைபேசியிலேயே டேட்டா கேபிள் துளை இருந்தால் அதையே மோடமாகப் பாவிக்க முடிந்தது, அது வேறு முறை.

கடைசியாக, மாரி முடியும்வரை வேலை முடிந்ததும் மோடத்தைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மோடங்கள் இடியில் எரிவது பெரும்பாலும் தொலைபேசி வயர் வழியாகத்தான், சிலவேளை சீரியல் போர்ட்டையும் சேர்த்தே கொண்டுபோகும். வானம் கறுக்கும்போதே அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்டபின் அதைத் தொடப் போக வேண்டாம்.