கேள்வி பதில்: 14 ஆண்டு எங்கிருந்து வந்தது?

கேள்வி: வக்கீல் ஐயா, கனடாவில் இருக்கும் என் மகள் ஒரு கொலை வழக்கைப் பற்றிச் சொன்னாள். ஆயுள் தண்டனையாம், 14 ஆண்டு பரோல் (நிபந்தனையோடு வெளியே விடுவது) கிடையாதாம். அது என்ன கணக்கு?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அது இரண்டாம் நிலைக் கொலையாக இருக்கும், அம்மா. திட்டமிட்டுச் செய்த முதல் நிலைக் கொலைக்கு 25 ஆண்டு பரோல் கிடையாது. அதை நீதிபதியே குறைக்க முடியாது. இரண்டாம் நிலையில்தான், பொதுவாக 10 முதல் 25 வரை, எண் அவர் கையில். குற்றவாளியின் குணம், கொலை நடந்த விதம், சூழ்நிலை எல்லாம் பார்ப்பார். கட்டிய மனைவியையே குத்தினான் என்றால் எண் ஏறும். ஜூரிகளையும் கேட்பார், அவர்கள் சொல்வது அவரைக் கட்டுப்படுத்தாது. கணக்கு கைதான நாளிலிருந்தே ஓடும். 14 முடிந்ததும் கதவு திறந்துவிடாது, அப்புறம் பரோல் வாரியம் மனது வைக்க வேண்டும். நம் மலேசியாவிலோ கொலைக்கு 2023 முதல் தூக்கு கட்டாயமில்லை; தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை. பிரம்படி தனி.