ஓட்டையை அளந்துவிட்டுப் பணத்தை எடுங்கள்: இரும்புத் தட்டு கேள்வி பதில்

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பளு தூக்குகிறவர்கள் இரும்புத் தட்டு பற்றிக் கேட்டவை இவை. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி (லிந்தாங்): அண்ணே, வீட்டுக் கார் போர்ச்சில் ஒரு பாரும் கொஞ்சம் பிளேட்டும் போடலாம் என்று இருக்கிறேன். கடையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நடு ஓட்டையைப் பாருங்கள் தம்பி. பெயிண்ட், எழுத்து, பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒலிம்பிக் பாரில் (போட்டியில் தூக்கும் பெரிய வகை) தட்டு ஏறும் முனையின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். லேத்தில் நன்றாகக் கடைந்த தட்டின் ஓட்டை 50.4 முதல் 51 வரை இருக்கும். மலிவான வார்ப்பில் 52.5, சில சமயம் 53கூட வரும். இரண்டரை மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓட்டைப் பகுதியின் தடிப்பு 30 மி.மீ., இடைவெளி 2.5 மி.மீ. என்றால் தட்டு ஏறக்குறைய 5 டிகிரி சாயும். 45 சென்டிமீட்டர் அகலத் தட்டில் அதன் விளிம்பு 19 மி.மீ. வெளியே சரிந்து நிற்கும். அதே தட்டின் ஓட்டை 50.6 என்றால் சரிவு நாலரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும். சாய்ந்த தட்டு கொலாரை (தட்டு நழுவாமல் பிடிக்கும் பூட்டு) தள்ளும், ஒவ்வொரு தூக்கலிலும் கடகடக்கும், நாளடைவில் பார் முனையையும் அரித்துவிடும்.

அளக்க ஒரு வெர்னியர் (தாடை வைத்த அளவுகோல்) போதும், ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். ஓட்டையை மூன்று திசையில் அளங்கள். மூன்றும் ஒரே அளவென்றால் கடைசலில் போட்டிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அச்சில் ஊற்றியபடியே விட்டிருக்கிறார்கள். ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், பிசிறு தட்டக்கூடாது. ஓட்டை இறுக்கமாக இருந்து அதற்குப் பெயிண்ட்தான் காரணம் என்றால் உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்யலாம். தளர்ந்த ஓட்டையை வீட்டில் சரி செய்ய வழியில்லை.

கேள்வி (டோவன்பி தோட்டம்): மாஸ்டர், 20 கிலோ என்று எழுதியிருந்தால் 20 கிலோதானே?

அது ஆலைக்காரர் சொல்லும் எடை. உண்மையான எடையைத் தராசுதான் சொல்லும். கடைசல் போடாத சாதாரண வார்ப்பில் மூன்று சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம். அதாவது 20 கிலோ தட்டு 19.4 ஆகவும் இருக்கலாம், 20.6 ஆகவும் இருக்கலாம். அப்படி இரண்டு தட்டு உங்களிடம் ஜோடியாக வந்தால் பாரின் ஒரு பக்கம் 1.2 கிலோ கூடுதல். முதுகு அதைக் கண்டுபிடித்துவிடும். போட்டித் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சர்வதேச பவர்லிஃப்டிங் விதியில் எழுதிய எடைக்கு 0.25 சதவீதம் அல்லது 10 கிராம், இதற்குள் இருக்க வேண்டும். 20 கிலோவுக்கு அது 50 கிராம்தான்.

வீட்டுக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. ஜோடி பொருந்தினால் போதும். கடையில் ஆறு தட்டு இருந்தால் ஆறையும் நிறுத்து, நெருங்கிய இரண்டை எடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். குளியலறைத் தராசை அப்படியே நம்ப வேண்டாம். முதலில் பிரிக்காத 10 கிலோ அரிசிப் பை இரண்டை வைத்து அது என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அந்தப் பிழையைக் கழித்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை நிறுக்கும் லோரி எடைமேடைக்குக் கொண்டுபோகலாமா என்று இன்னொரு தம்பியும் கேட்டிருக்கிறார். அது பெரும்பாலும் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், இதற்கு உதவாது.

எடை கூடிய தட்டைக் குறைக்க வழி உண்டு. பின்புறத்தில் 12 மி.மீ. துளை, 10 மி.மீ. ஆழம் போட்டால் சுமார் 8 கிராம் குறையும். 100 கிராமுக்கு ஒரு டஜன் துளை. எதிரெதிரே சமமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் தட்டு ஒரு பக்கம் கனக்கும். வார்ப்பிரும்பைத் துளைக்க எண்ணெய் ஊற்ற வேண்டாம், அதிலுள்ள கரியே வழுக்கலைத் தரும். தூசி மூக்கில் போகாமல் முகமூடி போடுங்கள்.

கேள்வி (ஜாலோங்): அண்ணா, பிளாஸ்டிக் மூடிய தட்டு விலை குறைவு. உள்ளே இரும்பா சிமெண்டா என்று எப்படித் தெரியும்?

தடிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும் தங்கச்சி. சந்தேகம் இருந்தால் தண்ணீரில் முக்குங்கள். வாளியை விளிம்பு வரை நிரப்பி, தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, வழிந்த தண்ணீரை அளங்கள். 10 கிலோ வார்ப்பிரும்பு 1.4 லிட்டரைத்தான் வெளியே தள்ளும். சிமெண்ட் என்றால் நாலு லிட்டருக்கு மேல். காந்தம் வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள், சிமெண்டோடு இரும்புத் தூள் கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. சிமெண்ட் தட்டு பாவம் இல்லை, தொடக்கத்துக்கு உதவும். ஆனால் மூடியிருக்கும் பிளாஸ்டிக் வெடித்த பிறகு உள்ளே இருப்பது பொடியாகக் கொட்டும், எடையும் போகும். பாரில் இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கேள்வி (சாலாக்): ஒரு செட் எத்தனை வெள்ளி கொடுக்கலாம்?

செட் விலை பார்க்காதீர்கள். லோரி கூலியையும் சேர்த்து ஒரு கிலோவுக்கு எத்தனை வெள்ளி வருகிறது என்று கணக்கிட்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். பாரின் எடையைச் செட் எடையில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி (எல்பில் தோட்டம்): இப்போது வரும் தட்டு எல்லாம் தகரம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக் கிளப்பில் போட்ட இரும்புதான் இரும்பு. பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு ஜோடி கிடக்கிறது, 45 என்று போட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்தானே?

ஐயா, கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். 45 என்பது பவுண்டு, 20.41 கிலோ. அதை ஒரு பக்கமும் 20 கிலோ தட்டை மறுபக்கமும் போட்டால் 400 கிராம் வித்தியாசம். பழசு என்பதாலேயே வார்ப்பிரும்பு உயர்ந்ததாகிவிடாது. அதன் தரம் உருக்கிய கலவையிலும் ஆறிய வேகத்திலும் இருக்கிறது. அந்தக் காலத்திலும் மோசமான வார்ப்பு உண்டு.

அதற்கு மறுப்பு (ஹீவுட் தோட்டம், லேத் பட்டறையில் வேலை): மாஸ்டர், மன்னிக்கணும். வார்த்த மெஷின் பாடியை மாதக்கணக்கில் வெயில் மழையில் போட்டுப் பதப்படுத்திய பிறகுதானே கடைவார்கள்? அப்படியானால் பழைய இரும்பு நல்லதுதானே?

நல்ல கேள்வி தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. வார்ப்பு ஆறும்போது உள்ளே இழுவிசை தங்கிவிடும், அது தளரத்தான் வெளியே போட்டு வைத்தார்கள். கடைந்த பிறகு மெஷினின் தளம் வளையக்கூடாது என்பதற்காக. லேத் மெஷினுக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் முக்கியம். பளுத் தட்டுக்கு அந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. தட்டை உடைப்பது வேறு: வெடிப்பு, காற்றுக்குழி, உள்ளே சிக்கிய கசடு. இந்த மூன்றையும் வெயில் ஆற்றாது.

எல்பில் ஐயா மறுபடியும்: அந்தத் தட்டைத் தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்கிறது. புதுசு டொக்கு டொக்கு என்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அது நல்ல அடையாளம் ஐயா, அதை ஒத்துக்கொள்கிறேன். ஓட்டையில் கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினால் முழுசான வார்ப்பு நீளமாக ஒலிக்கும். வெடித்தது செத்த ஓசை தரும். ஆனால் புதுத் தட்டின் டொக்குக்கு வேறு காரணங்களும் உண்டு. மேலே ரப்பர் பூச்சு இருக்கலாம். அல்லது காற்றுக்குழியைப் புட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கலாம், அதுதான் மோசம். பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் மழமழவென்று இருந்தால் நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

வெடிப்பைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய வழி: சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் வெளியே கசிந்து தூளில் கோடு போடும். ஓட்டையின் ஓரமும் கைப்பிடித் துவாரத்தின் மூலையும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஹீவுட் தம்பி: வெடித்திருந்தால் வெல்டிங் வைக்கலாமே?

வைக்க வேண்டாம். வார்ப்பிரும்பை முன்னதாகச் சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெல்டின் பக்கத்திலேயே புதுசாக வெடிக்கும். தலைக்கு மேல் தூக்குகிற பொருள் அது. பழைய இரும்புக் கடையிலேயே திருப்பிப் போடுங்கள்.

ஐயா, நீங்கள் வெர்னியரும் தராசும் கொண்டுபோய் அந்த ஜோடியை அளந்து எழுதுங்கள். அளவு வந்த பிறகு பேசுவோம்.

கேள்வி (கோலகங்சார்): சிமெண்ட் தட்டு வாங்கலாமா?

ஜாலோங் தங்கச்சிக்கு மேலே சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (லிந்தாங், இன்னொருவர்): துருப்பிடித்த பழைய பிளேட் இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் வீட்டில் மிச்சம் உண்டு. அதில் ஊறப்போடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. அது ஃபார்மிக் அமிலம். துருவை அது தின்னும், உங்கள் தோலையும் தின்னும். ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும்.

கடையில் விற்கும் வெள்ளை வினிகர் போதும். ஒரு தொட்டியில் தட்டு மூழ்கும் அளவு ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா மாவு கலந்து கழுவுங்கள். உடனே துடைத்து வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் வெறும் இரும்பு அரை மணி நேரத்தில் மறுபடியும் செம்மஞ்சள் ஆகிவிடும், ஆகவே அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ஓட்டைக்குள் மட்டும் பெயிண்ட் போகாமல் டேப் ஒட்டி, பிறகு மெல்லிய எண்ணெய் தடவுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. வினிகரோடு குளோராக்ஸை (துணி வெளுக்கும் திரவம்) கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

கழுவி முடித்த தட்டை வெறும் சிமெண்ட் தரையில் படுக்க வைக்காதீர்கள். தரை ஈரத்தை விடும், அடிப்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். ஒரு பலகை போடுங்கள்.

கேள்வி (டோவன்பி): எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது மாஸ்டர்?

என் துறை இல்லை. கிளினிக்கில் உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி (சாலாக்): டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிர்வது) முடித்து இரும்புத் தட்டைத் தரையில் போடலாமா?

கையை விட்டுப் போடக்கூடாது. சாதாரண வார்ப்பிரும்புக்குள் கரி செதில் செதிலாக இருக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஒரு சின்ன வெடிப்பு மாதிரி, அதனால் அமுக்கினால் தாங்கும், அடித்தால் உடையும். கையோடு இறக்கி வையுங்கள், கீழே 20 மி.மீ. ரப்பர் விரிப்பு போடுங்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பம்பர் தட்டு, அதாவது கெட்டி ரப்பர் தட்டு, வாங்குங்கள்.

கேள்வி (ஈப்போ சாலை): என் பார் ஒல்லியானது. எந்தத் தட்டு பொருந்தும்?

இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது. பாரின் முனையை அளங்கள். 25 மி.மீ. பாரும் உண்டு, 28ம் உண்டு, தட்டில் 30 ஓட்டையும் விற்கிறார்கள். 25 பாரில் 30 ஓட்டைத் தட்டு ஊஞ்சலாடும். அளக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி (ஜாலோங் தங்கச்சி): 20 கிலோ ஒலிம்பிக் பார் வாங்கிவிட்டேன் அண்ணா. முதலில் என்னென்ன தட்டு?

10 கிலோ இரண்டு ஜோடி, 5 ஒரு ஜோடி, 2.5 ஒரு ஜோடி, 1.25 ஒரு ஜோடி. பாரோடு சேர்த்து 77.5 கிலோ வரை 2.5 கிலோ படியில் ஏற்றலாம். 1.25ஐ விட்டுவிடாதீர்கள், நீங்கள் முன்னேறுவது அதில்தான். சின்னத் தட்டு மெல்லிசானதால் வார்க்கும்போது விளிம்பு சட்டென்று ஆறி மிகவும் கெட்டியாகிவிடும், ஓரம் எளிதில் உதிரும். விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

எல்பில் ஐயா, மூன்றாம் முறை: அளந்துவிட்டேன். ஓட்டை இரண்டிலும் 51.1. அரிசிப் பை வைத்துச் சரிபார்த்த தராசில் ஒன்று 20.3, மற்றது 20.5. மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தேன், கோடு இல்லை.

வாங்குங்கள் ஐயா. ஓட்டை 51க்கு ஒரு பொட்டுத்தான் கூட, அது பரவாயில்லை. நல்ல ஜோடி. 200 கிராம் வித்தியாசத்துக்குத் துளை போட வேண்டாம். பின்புறத்தில் உண்மை எடையைப் பெயிண்டால் எழுதி, இரண்டையும் எப்போதும் எதிரெதிரே போடுங்கள். வீட்டில் உள்ள 20 கிலோ தட்டோடு ஜோடி சேர்க்காதீர்கள்.