கிணறும் போர்வெல்லும்: வாசகர் கேள்விகள்

கே: வெள்ளத் தண்ணீர் கிணற்றில் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு? (சீர்காழி)

ப: முதலில் கலங்கலை இறைத்துத் தள்ளுங்கள். ஒரே மூச்சில் வற்ற இறைத்தால் ஊறிப்போன கரை சரியும். விட்டு விட்டு இறைக்கவும். பிறகு கணக்கு: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் (எல்லாம் அடியில்) × 22 = லிட்டர். 10 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 22,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஒரு கிலோ சொச்சம். பக்கெட்டில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குப் போகக்கூடாது. ஓர் இரவு கழித்து முழுக்க இறைத்து, வாடை போன பிறகே புழங்கவும். அப்புறம் வழக்கமான அளவு, ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். போன வருஷம் பிரித்த பொட்டலத்தில் வீரியம் இருக்காது. கலக்குவதெல்லாம் மேலிருந்தே, உள்ளே இறங்காதீர்கள்.

கே: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் சரியாக வரவில்லை. என்ன செய்ய?

ப: போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில், எத்தனை ஹெச்பி? ஒன்றும் எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் நன்றாகக் கொட்டி, பிறகு காற்றும் நீருமாகத் துப்பினால் ஊறல் போதவில்லை. கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் டிரை ரன் ரிலே போடுங்கள். ஆரம்பத்திலிருந்தே குறைவு என்றால், ஓடும்போது போர் வாயில் காதை வையுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் பைப்பிலோ ஜாயின்ட்டிலோ ஓட்டை.

கே: 600 அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான். கேசிங்கை (போரின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) உருவி அடுத்த போருக்குப் பயன்படுத்தலாமா? (ஒட்டன்சத்திரம்)

ப: கூடாது. மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். மேல் மண்ணையும் உக்கல் பாறையையும் (உதிரும் மெத்தென்ற பாறை) பிடித்து நிற்பதே கேசிங்தான். அதை உருவினால் வாய்ப்பக்கம் மண் சரிந்து, ஆறரை அங்குலத் துளை புனலாக விரியும். எந்த மூடியும் நிற்காது. அதன்மேல் சாக்கைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஒரு மழைக்குச் சாக்கு மக்கிவிடும். 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட போரில் விழுந்து இறந்த பிறகும் இதே கேள்வியா?

கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. களிமண், மணல், துளைத்தபோது வந்த தூள் எதுவும் ஆகும். 600 அடிக்கு ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) போதும், ஒரு டிப்பர்கூட நிறையாது. பெரிய கல்லாகத் தள்ளினால் நடுவில் அடைத்து, கீழே வெற்றிடம் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். ஒரு மழைக்குப் பின் இறங்கியிருந்தால் மேலும் கொட்டுங்கள். நீர் தரும் போருக்கும் கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் சதுர கான்கிரீட் மேடை, தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ.; போல்ட் போட்ட மூடி. மோட்டாரை ரிப்பேருக்கு எடுத்த அன்றும் மூடி வேண்டும்.

கே: தூர் வாரக் கிணற்றில் இறங்குமுன், உள்ளே காற்று சரியா என்று எரியும் விளக்கை இறக்கிப் பார்த்தால் போதாதா? (தாராபுரம்)

ப: போதாது. அணைந்தால் ஆக்சிஜன் இல்லை. அணையாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல. உள்ளே டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு விளக்குக்குத் தெரியாது. ஒருவர் மயங்கினால் தூக்க இன்னொருவர் இறங்காதீர்கள், 101-க்குக் கூப்பிடுங்கள்.

கே: கிணற்றிலிருந்து செப்டிக் டேங்க் எவ்வளவு தள்ளி?

ப: 50 அடிக்குக் குறையாமல். டேங்க் மேட்டில் இருந்தால் இன்னும் தள்ளி.

கே: பிடித்து வைத்த தண்ணீர் சிவக்கிறது.

ப: இரும்பு. தொட்டியில் ஷவர் மாதிரித் தெளித்து விழவிட்டு, மணல் வழியே வடிகட்டுங்கள்.