பெட்டியை மாற்றவா, கிளவுடுக்குப் போகவா?

கேள்வி: கிண்டியில் சிறிய ஆடிட்டிங் அலுவலகம் நடத்துகிறேன். பாதிப் பேர் ஆவடி, தாம்பரம் என்று வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அலுவலக நெட்வொர்க்குக்குள் வர விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பைப் போட்டால் எல்லாம் ஆமை வேகம். ஒருவர் நெட்வொர்க்கைக் காக்கும் புது ஃபயர்வால் பெட்டி வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் கிளவுட் பாதுகாப்பு என்கிறார். எதை வாங்குவது?

பதில்: முதலில் உங்கள் விபிஎன் அமைப்பைப் பாருங்கள். ஆவடிக்காரர் ஜிமெயிலைத் திறந்தால்கூட அது கிண்டிக்கு வந்து, உங்கள் பிராட்பேண்ட் வழியாகத்தான் வெளியே போகிறதா? அப்படியானால் நெரிசல் அந்த இணைப்பில் இருக்கலாம். புதுப் பெட்டி விற்பவர் இதைச் சொல்லமாட்டார்!

கிளவுட் முறையில் லேப்டாப் நேராகச் சேவை நிறுவனத்தின் மையத்துக்குப் போகும். ஆள் யார், கருவி சரியா என்று அங்கே சோதித்து, டேலி கணக்கு மென்பொருள் தேவைப்படுபவருக்கு டேலியை மட்டும் திறந்துவிடுவார்கள். மொத்த நெட்வொர்க்கையும் அல்ல. 2019இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இந்த மாதிரி கிளவுட் முறைக்கு ‘சாசி’ என்று பெயர் வைத்தது. ஆனால் டேலி கிண்டி சர்வரில் இருக்கும்வரை, அங்கே கரன்ட் போனால் கிளவுடும் கைகொடுக்காது.

விற்பவரிடம் இரண்டு கேள்வி: மையம் சென்னையிலா, மும்பையிலா? சிங்கப்பூர் என்றால் வேகம் குறையலாம். அப்புறம், யார் எப்போது உள்ளே வந்தார் என்பது போன்ற லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருப்பார்களா? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு அதைக் கேட்கிறது. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் புகாரும் தரவேண்டும்.

சரி, இன்றைக்கே செய்ய ஒன்று: எல்லோருடைய மெயிலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். செலவில்லை.