மலைப்பள்ளியில் காய்கறித் தோட்டம்: கேள்வி பதில்

நீலகிரி, பழனி மலைப் பள்ளிகளில் தோட்டம் போட நினைப்பவர்கள் கேட்டவையும், மலைத் தோட்டக்கலை தெரிந்த ஒருவர் தந்த பதில்களும்.

கோத்தகிரி பக்கம், உயர்நிலைப்பள்ளி ஆசிரியை: இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் விதைக்கலாமா?

விதைக்க வேண்டாம் டீச்சர். முதலில் பள்ளி நாட்காட்டியை எடுத்து வையுங்கள். மலையில் கார்போகம் ஏப்ரல், மே. அப்போது உங்களுக்கு முழு ஆண்டுத் தேர்வு, பிறகு விடுமுறை. அந்தப் போகம் பள்ளிக்கூடத்துக்கு ஆகாது. உங்களுக்குக் கிடைப்பது ஆகஸ்டில் தொடங்கும் கடைபோகமும், ஜனவரி நீர்போகமும்தான். ஆகஸ்ட் முதல் வாரம் விதைத்தால் முள்ளங்கி 45 நாளில் வரும், பீட்ரூட் 80 நாள், கேரட் 100 முதல் 110 நாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் எல்லாம் அறுவடை ஆகிவிடும். ஜனவரியில் நூல்கோல், முட்டைக்கோஸ் நாற்று.

ஜூனும் ஜூலையும் மண் வேலைக்கு. நம்முடையது புளிப்பு மண். மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5க்குப் பக்கத்தில் வந்தால் சென்ட்டுக்கு 8 முதல் 10 கிலோ டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்திவிடுங்கள். மூன்று வாரம் கழித்து, நன்றாக மட்கிய சாணி எரு சென்ட்டுக்கு 100 கிலோ. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். எரு பச்சையாக இருந்தால் கேரட்டுக்கு இரண்டு கால் முளைக்கும்.

பாத்தி சரிவுக்குக் குறுக்கே, 20 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலம். அதற்கு மேல் அகலம் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நடுப்பாத்தி எட்டாது, உள்ளே இறங்கி மிதிக்கும். கேரட் முளைக்க 12 நாள் ஆகும். நூல் மாதிரி இருக்கும் அந்த முளையைக் களையென்று பிடுங்கிப் போடுவார்கள். அதனால் அதே வரிசையில் அங்கங்கே ஒரு முள்ளங்கி விதை போடுங்கள். ஐந்து நாளில் முளைத்து வரிசை எதுவென்று காட்டிவிடும். நான்காவது வாரம் 5 செ.மீ.க்கு ஒரு கேரட் செடி விட்டு, மற்றதைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராத பள்ளிகளில்தான் கேரட் விரல் தடிமனில் நின்றுவிடுகிறது.

ஊட்டி, நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்: சத்துணவுக் கூடக் கழிவை உரமாக்கலாமா?

பச்சைக் காய்த்தோல், கீரைத்தண்டு, கழுவி நொறுக்கிய முட்டை ஓடு போடலாம். மிஞ்சிய சோறு, சாம்பார், எண்ணெய் பட்டது எதுவும் கூடாது. கரடி மோப்பம் பிடித்துவிடும், காட்டுப்பன்றியும் வரும். ஒருமுறை ருசி கண்டால் அடுத்து சமையலறைக் கதவுதான். குழிக்குக் கம்பிவலை மூடி கட்டாயம்.

குன்னூர் பக்கத்து விவசாயி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர்: ஊட்டி மலையில் உருளைக்கிழங்கு இல்லாமல் ஒரு தோட்டமா? பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு விதைக்கிழங்கு கொண்டுவந்தால் செலவே இல்லையே.

அதுதான் ஆபத்து அண்ணா. உருளை வேரைத் தாக்கும், 1961இல் ஊட்டியில் கண்டுபிடித்த முட்டைக்கூடு நூற்புழு இன்னும் நம் மண்ணில் இருக்கிறது. நாற்பது வீட்டுக் கிழங்கு என்றால் நாற்பது தோட்டத்து மண் ஒரே பாத்தியில் சேரும். கூட்டுக்குள் இருக்கும் முட்டை இருபது வருடம்கூடச் சாகாமல் கிடக்கும்.

அவரே: ஊட்டியை உருவாக்கிய வெள்ளைக்காரர் சல்லிவன் துரை காலத்திலிருந்து உருளை போடுகிறோம். அந்தப் புழு மனிதனை ஒன்றும் செய்யாது. கிழங்கையும் சாப்பிடலாம்.

சாப்பிடலாம், மறுக்கவில்லை. கெடுவது விளைச்சல். நட்டு அறுபதாவது நாள் ஒரு செடியை மெதுவாகக் கெல்லி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளை, மஞ்சள் மணிகள் ஒட்டியிருந்தால் அதுதான். வீட்டு நிலத்தில் மூன்று நான்கு வருடம் முட்டைக்கோஸ், பூண்டு என்று மாற்றிப் போடுவீர்கள். இரண்டு சென்ட்டில் எங்கே மாற்றுவது? தக்காளி போட்டாலும் அதே புழுவுக்குத் தீனிதான்.

கேத்தி ஆசிரியர்: குஃப்ரி ஸ்வர்ணா உருளை ரகம் போடலாமே சார்?

அது புழுவைத் தாங்கும் ரகம், சரிதான். அது மண்ணில் இருக்கும் புழுவைக் குறைக்கும், செருப்பிலும் மண்வெட்டியிலும் புதிதாக வரும் மண்ணைத் தடுக்காது. இன்னொன்று, முட்டைக்கோஸுக்குப் போட்ட டோலமைட் உருளைக்கு ஆகாது, தோலில் சொறி வரும்.

குன்னூர் விவசாயி: அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எதைப் பார்த்து விவசாயம் கற்பார்கள்?

நியாயமான கேள்வி. சான்று பெற்ற விதை கிடைத்தால் நான்கைந்து சணல் சாக்கில் மட்கு உரம் நிரப்பி, சாக்குக்கு ஒரு கிழங்கு போடுங்கள். பாத்தியில் மட்டும் வேண்டாம். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கைச் சத்துணவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊட்டி மாணவர்: உறைபனிக்கு என்ன செய்வது?

தம்பி, இடத் தேர்வில்தான் பாதி வேலை. குளிர் காற்று பள்ளத்தில் தேங்கும், ஆகவே மைதானத்துக்குக் கீழே இருக்கும் தாழ்வான மூலை வேண்டாம். நாற்றுகளைச் சாயங்காலமே காய்ந்த புல்லால் மூடுங்கள். விடிந்ததும் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். பீன்ஸ் ஒரே இரவில் கருகும். கேரட்டும் முட்டைக்கோஸும் தாங்கும்.

மஞ்சூர் ஆசிரியை: பனிக்கு எது தாங்கும்? மூடினால் போதுமா?

மேலே சொன்னதுதான்.

கொடைக்கானல் மேல்மலை ஆசிரியர்: இதே கால அட்டவணை எங்களுக்கும் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. உங்களுக்கு அக்டோபர், நவம்பர் மழை கனம். பாத்தியை 30 செ.மீ. உயர்த்தி வடிகால் வெட்டுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு கையிலேயே இருக்கும்போது வேறு பயிர் தேடாதீர்கள். பல்லுக்குப் பல் 10 செ.மீ. விட்டு நடுங்கள், நீர் தேங்காமல் பாருங்கள்.

கூடலூர்: எங்களுக்குக் கேரட் வருமா?

உயரம் போதாது. சேனை, இஞ்சி, கீரை போடுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் வாழையும் பலாவும் வளாகத்துக்குள் வேண்டாம்.

பள்ளிக்குப் பின்னால் மேட்டை ஜேசிபியில் வெட்டி இடம் எடுக்கலாமா?

மாவட்ட நிர்வாக அனுமதி இல்லாமல் நீலகிரியில் இயந்திரம் வைத்து வெட்ட முடியாது. அனுமதி கிடைத்தாலும் வகுப்பறைச் சுவரை ஒட்டிய சரிவைத் தொடாதீர்கள்.

கோஸில் புழு. என்ன மருந்து?

பள்ளியில் மருந்து அடிக்கக் கூடாது. காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். நாற்று வாடி, வேர் விரல் போல வீங்கியிருந்தால் அது புழு இல்லை, வேர்க்கட்டு நோய். செடியைப் பிடுங்கி எரியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

மிஞ்சிய சோற்றை மண்ணில் ஆழமாகப் புதைத்தால்?

கரடிக்குத் தோண்டத் தெரியும்.

கோத்தகிரி ஆசிரியை: விடுமுறையில் பாத்தியை என்ன செய்வது?

ஏப்ரல் கடைசியில், கோடை மழை ஈரத்தில் லூபின் என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை. ஜூனில் திறந்த பிறகு, பூக்கத் தொடங்கும்போது அப்படியே மடக்கிக் கொத்திவிடலாம். காய் பிடிக்க விடாதீர்கள், விதை கசப்பு நஞ்சு. கடுகு விதைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அது கோஸ் குடும்பம், வேர்க்கட்டு நோயை வளர்த்துவிடும்.