நாலு மணிக் கோபம் வேறு, ஒன்பது மணிக் கோபம் வேறு

கேள்வி: வயது 46. அம்பாசமுத்திரத்தில் ஹார்டுவேர் கடை. ஆறு வருஷமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மதியச் சாப்பாடு பல நாள் நாலு மணிக்குத்தான். அந்நேரம் கடைப் பையன் எதைக் கேட்டாலும் கை நடுங்க, வியர்த்து எரிந்து விழுகிறேன். போன வாரம் ஒரு கொத்தனார் 18,000 ரூபாய் பாக்கிக்கு மூன்றாவது தடவையாக ‘நாளைக்குத் தாரேன் அண்ணாச்சி’ என்றார். சிரித்து அனுப்பிவிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு, கூப்பிட்டும் போனிலிருந்து தலை தூக்காத மகன் பக்கம் டம்ளரை எறிந்தேன். சுவரில் பட்டது. என் அப்பாவும் இப்படித்தான். இதற்கு மாத்திரை உண்டா? தலையணையைக் குத்தச் சொல்கிறான் நண்பன். மனநல டாக்டரிடம் போனால் ‘கோட்டி’ என்று ஊர் பேசாதா?

பதில்: முதலில் நாலு மணிக் கோபம். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். உடம்பு அட்ரினலினை விட்டுச் சமாளிக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதன் வேலை. அடுத்த முறை கை நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. பிறகு சாப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அந்த எண்களோடு உங்கள் டாக்டரைப் பார்த்தால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். கேரியரை ஒன்றரை மணிக்கே திறந்துவிட்டால் பாதிச் சண்டை இருக்காது என்பது என் ஊகம். எண் 110, 120 என்று வந்தால் காரணம் வேறு: தூக்கம், டீயின் எண்ணிக்கை, தைராய்டு, பிரஷர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்பது மணிக் கோபத்துக்குச் சொந்தக்காரர் கொத்தனார். கடையில் சிரித்து விழுங்கியது வீட்டில் மகன் மேல் இறங்கியது. இரண்டு இடத்திலும் உறுத்தியது ஒன்றுதான்: ‘என் பேச்சுக்கு மதிப்பில்லை.’ கோபத்துக்குள் இப்படி ஒரு நியாயமான கோரிக்கை இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, இரண்டு வாரம் படுக்குமுன் கடை நோட்டில் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி, கடைசியாக எப்போது சாப்பிட்டது, யார் என்ன சொன்னார்கள், அந்நொடியில் மனசுக்குள் ஓடிய வாக்கியம். கடைசியதுதான் முக்கியம், ‘கோபம் வந்தது’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

கொத்தனாரிடம் சிரிக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள ஒம்பதாயிரம் வரணும், அதுவரைக்கும் புதுசா கடன் கிடையாது’ என்று தேதியும் தொகையுமாகச் சொல்லுங்கள். மகனிடம் ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்றால் அவன் வாதாடத்தான் செய்வான். ‘சாப்பிடுற அரைமணி நேரம் போனை அலமாரியில வை’ என்றால் செய்ய ஒரு காரியம் இருக்கிறது.

தலையணைக் குத்து வேண்டாம். 2024-இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடம்பைச் சூடேற்றும் வழிகள் கோபத்தைப் பொதுவாகக் குறைக்கவில்லை. மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது போன்றவை குறைத்தன. கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். தாடை இறுகுவது, குரல் ஏறுவது எல்லாம் நாலு மார்க். அப்போதே எழுந்துவிட வேண்டும், எட்டில் முடியாது. ‘இருபது நிமிஷத்துல வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் கதவைச் சாத்தினால் அதுவே புதுச் சண்டை. மூக்கால் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிஷம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: வெளியே போய் மச்சானுக்குப் போன் போட்டு நடந்ததை முதலிலிருந்து சொல்வார்கள், கோபம் மறுபடி எட்டுக்கு ஏறிவிடும். பைக்கையும் எடுக்காதீர்கள்.

அப்பாவிடமிருந்து சுபாவம் கொஞ்சம் வந்திருக்கலாம். டம்ளர் எறிவது பார்த்துப் படித்தது. இப்போது உங்கள் மகன் பார்க்கிறான்.

கோபத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதுண்டு. அப்படியென்றால் மருந்து உதவும். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்; சிலருக்கு அது இருக்கிற கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். எறிவது இன்னொரு முறை நடந்தாலோ, கை ஓங்கினாலோ, வீட்டில் பயந்து ஒதுங்கினாலோ நோட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர் பேச்சுக்குக் கூச்சமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) அழையுங்கள். இலவசம், ராத்திரியும் தமிழில் பேசுவார்கள்.

மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: ‘அன்னைக்கு டம்ளரை எறிஞ்சது என் தப்பு.’ அதற்குப் பின்னால் ‘ஆனா நீயும்’ என்று சேர்க்காதீர்கள். போன் விஷயத்தை மறுநாள் பேசலாம்.